நான்காவது கடிதம்

பாராட்டுரை நூறு சொற்களுக்கு
மிகக் கூடாதென்று சுற்றறிக்கை.
கோபுரத்தின் கீழ்த்தளத்தில் எழுத்தர் நான்.
உப்பேறிக் கிறீச்சிடும் மின்விசிறியின் அடியில்
ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறேன்.

கார்த்திகை மாதம். இரவு இரண்டு ஆறு.
உச்சிப்புளி தூங்குகிறது,
கரை திரும்பாத மண்டபத்து விசைப்படகைத் தவிர,
அதைத் தேடிப் போன ஹெலிகாப்டரைத் தவிர,
மதுரையில் இடியென்று திருப்பிவிடப்பட்டு
ஒன்பது பேரோடு வரும் சிறு விமானத்தைத் தவிர.

மேலே கண்ணாடி அறையில்
லெப்டினன்ட் சகாய மெல்பா.
தங்கச்சிமடத்துப் பெண்.
"காற்று ஐம்பது டிகிரி, இருபத்திரண்டு நாட்.
தளம் ஈரம். இறங்கலாம்."
ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்.
எனக்கென்னவோ பால்கணக்கு ஒப்பிப்பது போலக் கேட்கிறது.

இரண்டு ஒன்பதுக்கு மின்சாரம் போனது.
கோபுரத்துக்கு மின்கலம் இருக்கிறது.
ஓடுதள விளக்குகளுக்கோ
ஜெனரேட்டர் இருமி எழ வேண்டும்.
நாற்பது நொடி.
விமானம் அப்போது
உடைமரங்களுக்கு மேலே, முந்நூறு அடியில்.

"விளக்கு இல்லை. ஏறுங்கள்.
இரண்டாயிரம் அடி. வலப்பக்கம், கடல்மேல்."
அதே பால்கணக்கு.
உடனே இன்னொரு குரல், ஹெலிகாப்டர்:
"எரிபொருள் பதினொரு நிமிடம்."
"மீரான் கனி, ஜீப்பைக் கிழக்கே திருப்பி
முன்விளக்கைப் போடுங்கள்."
பிறகு வானத்துக்கு:
"இரண்டு விளக்கு தெரியும். அதற்கு இடப்பக்கம் இறங்குங்கள்."

இதற்கிடையே பதிவில்
பேச்சில்லாத ஓர் இடம் வருகிறது.
ஆறு நொடி, ஏழு நொடி.
ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிப்பது மட்டும்.
அந்த இடுக்கை அடைக்கச் சொல்லி
பராமரிப்புப் பிரிவுக்கு
மூன்று கடிதம் போட்டவன் நான்.
இப்போது அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கிறேன்.

விளக்கு வந்தது. விமானமும் இறங்கியது.
ஒன்பது பேரில் ஒருவர்
படியிறங்கும்போதே போனில் சொல்லிக்கொண்டிருந்தார்,
"சும்மா ஒரு சுத்து சுத்திட்டு எறக்குறான், டீசல் இவன் அப்பன் வீட்டுதா?"
விசைப்படகு விடிந்தபின் தானாகவே கரை சேர்ந்தது.
நாலு பேரும் முழுசாக. வலை மட்டும் போச்சு.

இதில் எதை எழுதுவது?
என்ன நடந்தது என்ற கட்டத்தில்
ஒன்றும் நடக்கவில்லை என்றா?
உடைந்த சக்கரமில்லை, புகையில்லை,
இணைக்க ஒரு புகைப்படமில்லை.

நான் பார்த்தவை இரண்டுதான்.
காலை ஆறு பத்துக்கு
ஸ்கூட்டர் சாவி துவாரத்தில் நுழையாமல்
அவர் நான்குமுறை முயன்றது.
அரைமணி கழித்து, சந்தைத் திருப்பத்தில்,
கிலோ நகரைக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி
தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது.
இரவெல்லாம் சேர்த்து வைத்த சத்தம் போலும்.
மீன்காரம்மா பத்துதான் குறைத்தார்.

இவை பாராட்டுரையில் இடம்பெறா.
"இடர்மிகு சூழலில் கடமையைச் செவ்வனே ஆற்றினார்"
என்று முடித்தேன். தொண்ணூற்றெட்டுச் சொல்.

பந்தலில் பதக்கம் குத்தினார்கள்.
கைதட்டலின் நடுவே எங்கோ ஓர் இயந்திர முழக்கம்;
எல்லோரும் மேடையைப் பார்க்க
அவர் மட்டும் காற்றுப்பையைப் பார்த்தார்,
அப்புறம் கைக்கடிகாரத்தை.

மறுநாள் என் மேசைக்கு வந்தார்.
நன்றி சொல்வாரென்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
"ஜன்னலுக்கு நாலாவது கடிதம் எழுதியிருக்கீங்களாமே,
அனுப்பாதீங்க.
வாடை கொண்டலாத் திரும்பினா
கருவிக்கு முன்னால அந்த இடுக்குதான்
சுரம் மாத்தும்."

கிழித்துப் போட்டேன்.
மேலே அவர் படியேறிப் போகும் சத்தம்.
எட்டுமணி முறை.
இன்றைக்குக் காற்று வாடைதான்.